நாற்பத்தொன்றாவது கட்டம்

நூறு சாருக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் அவருடைய வயதோ எடையோ அல்ல. மாவட்ட சுகாதார அலுவலகத்தின் புள்ளிவிவரப் பிரிவில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்து, அதில் கடைசி எட்டு வருடமும் தலைநகரத்துக்கு அனுப்பிய வாராந்திர நோய் அறிக்கையில் நூற்றுக்கு நூறு வாங்கிய மனிதர் அவர். பள்ளிக்கூடத்தில் கணக்கில் முப்பத்தெட்டைத் தாண்டியதில்லை என்பதை அவரே சொல்லிச் சிரிப்பார். "ஆபீஸ்ல நூறு, வீட்டுல பூஜ்யம்" என்பது அவர் மனைவியின் தீர்ப்பு. காய் வாங்கி வரச் சொல்லி அனுப்பினால் வெறும் பையோடு திரும்பி வருகிற மனிதரை அந்த அம்மாள் வேறு எப்படிச் சொல்வார்?

அவருடைய அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும், அதனால் அவர் உள்ளே போனால் உட்கார்ந்துவிடுவார். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு கறுப்பு டெலிபோன், ஆணியில் தொங்கும் பழைய படிவக் கட்டு. மாவட்டத்தில் நாற்பத்தொரு சுகாதார மையங்கள். திங்கட்கிழமைதோறும் நாற்பத்தொரு இடத்து நர்சுகளும் போன வாரக் கணக்கைப் போனில் சொல்வார்கள்: காய்ச்சல் எத்தனை, வயிற்றுப்போக்கு எத்தனை, மஞ்சள் காமாலை எத்தனை, நாய்க்கடி எத்தனை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றித் தலைநகரத்துக்கு அனுப்ப வேண்டும். எந்த ஊரில் கொள்ளைநோய் தலைகாட்டினாலும் முதலில் தெரியவேண்டிய இடம் அந்தப் படிக்கட்டுப் பொந்துதான். அப்பேர்ப்பட்ட காவலுக்கு அப்படி ஓர் அறையைக் கொடுத்தவர்களை நினைத்தால் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை.

கம்ப்யூட்டர் வந்த புதிதில் ஒரு சங்கதி நடந்தது. கணக்கு வராத மையத்தின் கட்டத்தை அது சிவப்பாகக் காட்டும். எண் ஏறிவிட்டால் பச்சை. எந்த எண் என்று அது பார்ப்பதில்லை, பூஜ்யத்துக்கும் அதே பச்சைதான். முதல் மாதம் ஒன்பது கட்டங்கள் காலியாக நின்றன. மாவட்டத்துக்குக் கடைசிக்கு முந்தின இடம் கிடைத்தது. மாவட்ட சுகாதார அதிகாரியை எல்லோரும் பெரிய டாக்டர் என்பார்கள். அப்போது இருந்த பெரிய டாக்டர் கூட்டம் நிறைந்த ஹாலில் அவரை எழுப்பி நிற்கவைத்தார்.

"காலிக் கட்டம்னா என்ன அர்த்தம் தெரியுமா? இங்க ஒருத்தர் தூங்குறார்னு அர்த்தம்."

எல்லோரும் சிரித்தார்கள். மனிதர் ரோஷக்காரர். அடுத்த வாரத்திலிருந்து நர்சுகளைப் போனில் விரட்ட ஆரம்பித்தார். குழந்தைக்கு ஊசி போடுகிற நேரம், பிரசவ நேரம் என்று பாராமல் கூப்பிட்டதில் அவர்களுக்கும் அலுத்துவிட்டது. ஒரு நர்ஸ்தான் வழி சொன்னார்.

"சார், நான் போன் பண்ணலைன்னா பூஜ்யம்னு போட்டுக்குங்க. ஏதாவது இருந்தா நானே கூப்பிட்டுச் சொல்ல மாட்டேனா?"

கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. மெல்ல மெல்லப் பத்துப் பன்னிரண்டு மையங்களுக்கு அதுவே வழக்கமாகிவிட்டது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றுவதாக நினைக்கவில்லை. ஒருவருக்கொருவர் செய்துகொண்ட உதவி, அவ்வளவுதான். காகிதத்தில் எங்கேயும் இல்லை, ஆனால் தெரியாதவரும் இல்லை. மாவட்டம் நூற்றுக்கு நூறு ஆனது. பெரிய டாக்டரின் அறையில் இருந்த திரையில் மாவட்டப் படம் முழுக்கப் பச்சையாக நின்றது. வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினார்கள்.

இந்த ஏற்பாடு தனக்கு வேண்டாம் என்று சொன்னவர் ஒரே ஒருவர்தான். நாற்பத்தொன்றாவது கட்டத்துக்காரர். மாவட்டத்தின் மேற்குக் கோடியில், மலைச்சரிவில், கல்குவாரித் தொழிலாளர் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருக்கிற மையத்தின் நர்ஸ். குவாரி சிஸ்டர் என்பார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு நூறு சார் குடையை ஆணியில் மாட்டும்போதே போன் அடிக்கும்.

"சார், குவாரி. காய்ச்சல் நாலு, வயிறு ஒண்ணு, மத்தது எதுவும் இல்லை. உங்க மூட்டு வலி எப்படி இருக்கு? ஏறி இறங்காதீங்கன்னு சொன்னா கேட்டாத்தானே."

"நான் எங்க சிஸ்டர் ஏறுறேன்? படிக்குக் கீழதானே இருக்கேன்."

பதினான்கு வருடம் இப்படி. ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. அந்த அம்மாளின் கணவர் குவாரியில் லாரி ஓட்டுகிறார், ஒரே மகன் வெளியூரில் வேலைக்குப் போயிருக்கிறான், கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியாயிற்று, மையத்தின் கூரை வடக்கு மூலையில் ஒழுகுகிறது என்பதெல்லாம் இவருக்குத் தெரியும். இவர் மகளுக்கு வரன் பார்ப்பது அந்த அம்மாளுக்குத் தெரியும். சொந்தத் தங்கையிடம்கூட நூறு சார் வாராவாரம் பேசியவர் இல்லை.

பூஜ்யம் போடும் வழக்கத்தைப் பற்றி அவரே ஒருநாள் விளையாட்டாகச் சொன்னபோது சிஸ்டர் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு மட்டும் அப்படிப் போட்டுடாதீங்க சார். நான் கூப்பிடலைன்னா ஒண்ணு நான் செத்திருக்கணும், இல்ல ஊரே படுத்திருக்கணும். அப்ப நீங்க ஆள் அனுப்பணும். பூஜ்யத்தைப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிடாதீங்க."

"நல்ல வாய் சிஸ்டர் உங்களுக்கு. வாரம் தொடங்குறப்பவே."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நூறு சாரின் காதில் பிறகு எத்தனையோ நாள் கேட்டது.

அந்த வருடம் மழை கொட்டித் தீர்த்தது. ஒரு திங்கட்கிழமை எட்டேகாலுக்குப் போன் அடிக்கவில்லை. பத்து மணிக்கு அவரே கூப்பிட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது. மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, மறுநாள் காலையில் ஒரு தடவை கூப்பிட்டார். அதே குரல்.

செவ்வாய்க்கிழமை பதினொன்றே முக்காலுக்குப் பெரிய டாக்டர் மாடியிலிருந்து கூப்பிட்டார். இவர் புது டாக்டர், பழையவரைவிட வேகம் கூடினவர். மாவட்டம் மூன்றாவது வருடமாக, முழு அறிக்கை அனுப்பியதற்கான கேடயம் வாங்குகிற நிலையில் இருந்தது.

"என்ன நூறு சார், ஒரே ஒரு சிவப்பு நிக்குது?"

"குவாரி டாக்டர். லைன் கிடைக்கலை."

"ஒண்ணுதானே, பார்த்து முடிங்க. பன்னண்டு ஆகப் போகுது."

நூறு சார் நாற்பத்தொன்றாவது கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன மாதம் சிஸ்டர் ஏதோ சொன்னாரே: "அடுத்த மாசம் நாலு நாள் லீவு போட்டுட்டுப் பையனைப் போய்ப் பார்த்துட்டு வரணும்." சரி, லீவில் போயிருப்பார். சொல்லிக்கொண்டு போகிற ஆள்தான், மறந்திருப்பார். மழையில் எவன் எங்கே போய் விசாரிப்பது? விரல் கொஞ்சம் தயங்கியது. பிறகு பூஜ்யத்தைத் தட்டினார். கட்டம் பச்சையானது. மணி பதினொன்று ஐம்பத்தாறு.

இரண்டாவது வாரமும் போன் வரவில்லை. லீவை நீட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார். அந்த வாரம்தான் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. ஒரே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். விரல் தயங்கவில்லை. மூன்றாவது வாரம் அவர் கூப்பிடவே இல்லை. மற்றப் பத்துப் பன்னிரண்டு மையங்களோடு சேர்த்து அதையும் ஒரே வேகத்தில் பூஜ்யம் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். ஆமாம், டீ குடிக்கத்தான் போனார்.

நடந்தது இதுதான். முதல் ஞாயிற்றுக்கிழமையே மலைச்சரிவு இடிந்து குவாரி ரோடு இருபதடி நீளத்துக்கு அறுந்துபோயிருந்தது. அதே மழையில் டெலிபோன் டவரும் சாய்ந்துவிட்டது. கழிவுநீர் குடியிருப்புக் கிணற்றில் கலந்து வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. ரோடு அறுந்த விஷயம் நெடுஞ்சாலை அலுவலகத்தின் பதிவேட்டில் அன்றைக்கே ஏறிவிட்டது. டவர் சாய்ந்த விஷயம் டெலிபோன் அலுவலகத்துக்கு மறுநாள் தெரியும். மூன்று அலுவலகமும் ஒரே தெருவில்தான் இருக்கின்றன. மூன்று பேரும் டீ குடிப்பது ஒரே கடையில். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினார்கள், விலைவாசியைப் பற்றிப் பேசினார்கள். எவனுக்காவது வாயைத் திறந்து "குவாரி ரோடு போச்சு" என்று சொல்லத் தோன்றியதா? யார் கேட்டார்கள், யார் சொல்ல? அவரவர் பதிவேட்டில் அவரவர் கணக்கு சரியாக இருந்தது.

மூன்றாவது வாரம் புதன்கிழமை சாயங்காலம், மலைக்கு மேலே காட்டுப்பாதையில் எட்டு மணி நேரம் நடந்து ஒருவர் டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். குவாரி சிஸ்டரின் கணவர். வியாழக்கிழமை மருத்துவக் குழு மருந்தும் குளுக்கோஸ் பாட்டிலுமாகச் சுற்றுவழியில் போய்ச் சேர்ந்தபோது எட்டுப் பேர் இறந்திருந்தார்கள், நான்கு குழந்தைகள் உட்பட. வெள்ளிக்கிழமை ஒன்பதாவதாகக் குவாரி சிஸ்டர் இறந்தார். மற்றவர்களுக்கு ஊற்றிய உப்புச் சர்க்கரைக் கரைசலைத் தான் குடிக்க நேரமில்லாமல் போன மனுஷி.

செய்தி வந்தபோது நூறு சார் திரையைத் திறந்து பார்த்தார். குவாரி பச்சையாக இருந்தது.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். குவாரிக்கு யாரும் போகவில்லை, ரோடு இன்னும் சரியாகவில்லையாம். பெரிய டாக்டரின் அறையிலேயே ஒரு மத்தியானத்தில் வேலையை முடித்தார்கள். மூன்று வாரத்துக்கு மூன்று பூஜ்யம், இதை யார் சொன்னது என்று கேட்டார்கள். பெரிய டாக்டர் முந்திக்கொண்டார்.

"திங்கட்கிழமை அந்தந்த நர்ஸ்தான் போன்ல சொல்லும். அப்படித்தானே நூறு சார்?"

அந்த இடத்தில் அவர் தலையை ஆட்டினாரா இல்லையா என்பது அவருக்கே தெளிவில்லை. எழுதுகிறவர் எழுதிவிட்டார்: மைய நர்ஸ் மூன்று வாரமும் நோயாளிகள் இல்லை என்று தவறான தகவல் கொடுத்தார். டவர் சாய்ந்த தேதியை அந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் குட்டு உடைந்திருக்கும். வைத்துப் பார்க்க யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. செத்துப்போனவர் வந்து மறுக்கப் போகிறாரா என்ன?

இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி துளைத்தெடுத்ததும் எல்லாவற்றையும் கொட்டினார்.

"இப்பப் போய்ச் சொன்னா செத்தவங்க எழுந்து வந்துடுவாங்களா? பொண்ணுக்கு நாள் குறிக்கப் போறோம். ரிட்டயர் ஆக ஒண்ணரை வருஷம்தான் இருக்கு. பேசாம இருங்க."

அவர் பேசாமல் இருந்தார். அதற்காக மனைவியைக் குறை சொல்ல முடியாது. யாராவது அப்படிச் சொல்லமாட்டார்களா என்றுதான் அவர் காத்துக்கொண்டிருந்தார். அந்த வருடக் கேடயமும் வந்தது. மாடிப்படிக்கு எதிரே, அவர் உட்கார்ந்தால் கண்ணில் படுகிற இடத்தில் அதை மாட்டினார்கள். அவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

ஒரு வருடம் கழித்து மதிப்பீட்டுக் குழு வந்தது. பெரிய அளவில் நோய் பரவினால் சமாளிக்க நாட்டின் தகவல் முறை தயாராக இருக்கிறதா என்று மாவட்டம் மாவட்டமாகப் பார்த்து மதிப்பெண் போடுகிற குழு. தலைமை அதிகாரி நடுத்தர வயதுப் பெண், கையில் தொண்ணூறு பக்கக் கேள்விப் புத்தகம். வந்த அரை மணி நேரத்தில் அலுவலகம் அவருக்குக் கேள்வி மேடம் என்று பெயர் வைத்துவிட்டது.

கேள்விகள் சாதாரணமாகத்தான் தொடங்கின. கம்ப்யூட்டர் எத்தனை? கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்? ஊருக்குள் வதந்தி வந்தால் யார் குறித்து வைப்பது? மற்றத் துறைகளிடமிருந்து தகவல் வருமா? ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று பென்சிலால் குறித்துக்கொண்டார். பெரிய டாக்டர் கேடயங்களைக் காட்டினார், திரையில் பச்சைப் படத்தைக் காட்டினார். கேள்வி மேடம் படத்தைப் பார்த்தார்.

"நல்லா இருக்கு. ஒண்ணே ஒண்ணு. அறிக்கை வந்து பூஜ்யம்னு சொன்ன மையம் எது, அறிக்கையே வராத மையம் எதுன்னு இதுல பிரிச்சுக் காட்ட முடியுமா?"

நூறு சார் முந்திக்கொண்டார்.

"எல்லாம் வந்துடும் மேடம்," என்றார். "வராததுன்னு ஒண்ணு கிடையாது."

"சந்தோஷம். அப்ப ஏதாவது ஒரு மையத்துக்குப் போய்ப் பதிவேட்டோட ஒத்துப் பார்த்துடலாம்." பட்டியலில் விரலை வைத்துக் கீழே இழுத்தார். விரல் கடைசியில் நின்றது. "இது எவ்வளவு தூரம்?"

"ஒண்ணரை மணி நேரம் மேடம்," என்றார் வாசலில் நின்ற ஜீப் டிரைவர். "இப்ப ரோடு போட்டுட்டாங்க."

பதினைந்து வருடத்தில் நூறு சார் முதல் தடவையாகக் குவாரிக்குப் போனார். ஜீப்பில் பின்னால் உட்கார்ந்து வழி முழுக்க முழங்காலைத் தடவிக்கொண்டே வந்தார். மையம் அவர் நினைத்திருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. வடக்கு மூலையில் கூரையில் புதுத் தகரம். புது நர்ஸ் இளம்பெண், பயந்துபோய் எல்லா அலமாரிகளையும் திறந்து வைத்திருந்தாள். வாசல் பெஞ்சில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். பதிவேட்டைப் பார்க்கத் தலைநகரத்திலிருந்து ஆள் வருகிறது என்று கேள்விப்பட்டு, லாரியை ஓரம் கட்டிவிட்டு வந்திருந்தார். போன சிஸ்டரோட வீட்டுக்காரர் என்று நர்ஸ் சொன்னாள்.

கேள்வி மேடம் போன வருடத்துப் பதிவேட்டைப் பிரித்தார். சாய்வில்லாத, பள்ளிக்கூடப் பிள்ளை எழுத்து. முதல் வாரம் வயிற்றுப்போக்கு மூன்று. இரண்டாவது வாரம் பதினேழு. மூன்றாவது வாரம் நாற்பத்து நான்கு, அது மட்டும் வேறு கையெழுத்து. ஒவ்வொரு வாரத்துக்கும் நேரே, மாவட்டத்துக்குச் சொன்ன விவரம் எழுதுகிற கடைசிக் கட்டத்தில் ஒரே வாசகம் இருந்தது. மேடம் உரக்கப் படித்தார்.

"போன் இல்லை. ரோடு இல்லை. நூறு சார் பார்த்துக்கொள்வார்."

"யாரு இது, நூறு சார்?" என்று நிமிர்ந்தார்.

டிரைவர் தரையைப் பார்த்தார். பெஞ்சில் இருந்தவர்தான் பேசினார்.

"மாவட்ட ஆபீஸ்ல கணக்கு எடுக்கிறவரும்மா. கடைசி வாரம் அவளால எழுத முடியலை, சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். முதல் வாரமே நான் மலையேறிப் போறேன்னு சொன்னேன். அவதான் விடலை. என் போன் வரலைன்னாலே அவருக்கு விளங்கிடும், செவ்வாய்க்கிழமை பன்னண்டு மணிக்குக் கணக்கை முடிக்கிறவர், அதுக்குள்ள ஆள் அனுப்பிடுவார், நீ இங்க இருந்து தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடு, அது போதும்னா. வர்றவங்க வழி தெரியாம நிக்கக் கூடாதேன்னு, லாரியில கம்பி ஏத்துனா பின்னாடி கட்டுற சிவப்புத் துணியைக் கையில எடுத்துக்கிட்டு அறுந்த ரோட்டுல போய் நின்னேன். மூணு செவ்வாயும் நின்னேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரல்.

நூறு சாருக்கு அந்த நேரத்திலும் தப்பிக்க வழி இருந்தது. டிரைவரைத் தவிர அங்கே யாருக்கும் அவர்தான் நூறு சார் என்று தெரியாது. மகள் கல்யாணம் முடிந்துவிட்டது, ரிட்டயர் ஆக ஐந்து மாதம். அவர் எழுந்து நின்றார். அந்த அறையில் தலை இடிக்கவில்லை.

"நான்தான்," என்றார்.

லாரிக்காரர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைத்தான் நூறு சாரால் தாங்க முடியவில்லை. பழகின மனிதரைப் பார்ப்பது போல அவர் எழுந்து வந்தார்.

"நீங்களா சார்? அவ உங்களைப் பத்திச் சொல்லாத நாள் இல்லை. அப்ப நீங்க ஆள் அனுப்பினீங்கதானே? நடுவுல எங்கயோ தடங்கல் ஆயிடுச்சு, அப்படித்தானே?"

"இல்லைங்க. அனுப்பலை."

"போன் வராதது தெரியலையா?"

"தெரியும். பூஜ்யம்னு போட்டேன். மூணு வாரமும்."

"பூஜ்யம்னா?"

"இங்க யாருக்கும் ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்."

"ஒண்ணும் இல்லைன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. நானே போட்டேன். சிஸ்டர் சொன்னதா விசாரணையில எழுதிக்கிட்டாங்க. நான் வாயைத் திறக்கலை."

லாரிக்காரர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அடிப்பார், கத்துவார், காறித் துப்புவார் என்று நூறு சார் நின்றுகொண்டிருந்தார். அதில் ஏதாவது ஒன்றைச் செய்திருந்தால் தேவலை. லாரிக்காரர் கேள்வி மேடத்தைப் பார்த்தார்.

"டவரே இல்லாதப்ப அவ எப்படிம்மா போன் பண்ணியிருப்பா? ஒரு வருஷமா இதைத்தான் எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டிருக்கேன். என் பையன்கூட, அம்மா பயத்துல ஏதாவது மாத்திச் சொல்லியிருப்பாங்களோன்னு கேட்டான்."

கேள்வி மேடம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பிரித்து நூறு சார் பக்கம் தள்ளினார். நடந்ததை அவர் தன் கையாலேயே எழுதினார். பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். லாரிக்காரர் அதை உரக்கப் படிக்கச் சொன்னார். படித்தார். இன்னொரு பிரதி எழுதித் தரச் சொன்னார், பையனுக்கு அனுப்ப. அதையும் எழுதிக் கொடுத்தார். வாங்கிச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, அவர் லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மன்னிப்புக் கேட்க நூறு சாருக்கு வாய்ப்பே வரவில்லை. கேட்டிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்?

மாவட்டத்துக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் வந்தது. கேடயங்களை இறக்கினார்கள். பழைய விசாரணைக் கோப்பில் சிஸ்டரைப் பற்றிய வரியை அடித்துத் திருத்த நான்கு மாதம் ஆனது, அதற்கு நூறு சார் பதினோரு கடிதம் எழுதினார். அவருக்கு ஒரு கண்டிப்புக் கடிதம் வந்தது. அவர் எதிர்பார்த்ததில் கால்வாசிகூட இல்லை, அதுவே அவருக்கு ஒரு குறையாக இருந்தது. பெரிய டாக்டர் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. நூறு சார் என்று கூப்பிடும்போது இப்போது அவர் முகம் சுருங்கும். கூப்பிடுகிறவர்களுக்கு வேறு பெயர் தெரியாது.

குவாரியிலிருந்து திரும்பிய அடுத்த செவ்வாய்க்கிழமை மூன்று கட்டங்கள் காலியாக இருந்தன. அவர் அவற்றைத் தொடவில்லை. பன்னிரண்டு மணிக்கு மூன்று சிவப்போடு அறிக்கையை அனுப்பினார். பிறகு போனை எடுத்து ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். இரண்டு நர்சுகள் எடுத்தார்கள். மூன்றாவது எடுக்கவில்லை. டிரைவரைக் கெஞ்சி ஜீப்பை எடுக்கவைத்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

அந்த மையத்தில் நர்ஸ் வாசலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டதாம். ஜீப்பைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"இங்க ஒண்ணும் இல்லையே சார். ரெண்டு காய்ச்சல், அவ்வளவுதான். இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"ஆமாம்மா," என்றார். குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தார். டிரைவர் வந்து, திரும்பிப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று பெரிய டாக்டர் கேட்பதாகச் சொன்னார். ஒன்றரை மணி நேரம் என்று சொல்லச் சொன்னார் நூறு சார். குவாரிக்கும் அவ்வளவுதான் ஆகியிருந்தது. டம்ளர் கையில் அப்படியே இருக்க, அவர் வெகுநேரம் அழுதார்.